குழாயடியில் கிடந்த டப்பா

காலை ஆறேகால் மணிக்கு என் மகள் ரோசி, பல் தேய்த்த இடத்திலேயே வாந்தியெடுத்து விழுந்தாள். உடம்பு குளிர்ந்து வியர்த்திருந்தது. அவளுடைய பிரஷ் நனையாமல் மாடத்தில் இருந்தது. குழாயடியில் புகையிலைப் பல்பொடி டப்பா ஒன்று திறந்து கிடந்தது.

காலையும் இரவும் பிரஷ்ஷால் தேய்க்க அவளைப் பழக்கியவள் நான். எங்களோடு தங்கியிருந்த மதினி, அதாவது என் கணவரின் அக்கா, அதைப் பார்த்துத் தினமும் சிரிப்பார். "ஏளா, கடல்ல கெடக்க மீனு எந்த பிரஷ்ஷ வச்சுத் தேய்க்கு?"

ஆகவே எனக்கு வேறு யார்மீதும் சந்தேகம் வரவில்லை.

"புகையிலை உள்ளே போயிருக்கு. பிழைச்சுக்குவா" என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர். சோர்ந்து தூங்கிய பிள்ளையைத் தோளில் சுமந்து வீடு திரும்பியதும், மதினியின் டிரங்குப் பெட்டியைத் தெருவில் எறிந்தேன்.

"ஒங்க வாயி பொக்கையாப் போச்சுன்னு எம்பிள்ள பல்லும் பொறுக்கலையா மதினி?"

அவர் குனிந்து பெட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். தெருவே வேடிக்கை பார்க்க, பெட்டியைத் தூக்கிக்கொண்டு குலசேகரன்பட்டினம் பஸ்ஸுக்கு நடந்தார். அது எனக்குப் போதவில்லை. அந்த உறவையே அறுத்துவிட வேண்டும் என்று, துறைமுகத்தில் வேலை முடிந்து கணவர் வரும்வரை கொதித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் கணவர் வந்தார். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, தூங்கும் பிள்ளையருகே உட்கார்ந்தார்.

"ஏளா, அது எம் டப்பா. ஒனக்குத் தெரியாம வச்சிருந்தேன். காலைல நீ எந்திரிக்க முன்ன பல்லு வலிக்குன்னு பிள்ள அழுதா. நாந்தான் தேய்ச்சுவிட்டுட்டு வேலைக்குப் போனேன். அக்கா வேண்டாம் வேண்டாம்னு எங் கையப் பிடிச்சா."