காணாமல் போன மூன்று சோதனைகள்

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு என் கம்ப்யூட்டர் திரை முழுக்கப் பச்சை. எல்லாச் சோதனைகளும் பாஸ். வேறு யாராக இருந்தாலும் காபி குடிக்கப் போயிருப்பார்கள். நான் டைரியைப் புரட்டினேன்.

காரணம் சொல்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஓப்பன் சோர்ஸ் ஃப்ரேம்வொர்க் ஒன்றில் கைங்கரியம் செய்துவருகிறேன். பெரிய மென்பொருளைச் சின்னச் சின்ன சர்வீஸ்களாகப் பிரித்து, அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வழி செய்வது அது. ஐந்து ஊர்களில் ஒன்பது பேர். யாருக்கும் சம்பளம் கிடையாது. கோபம் மட்டும் உண்டு.

என் பொறுப்பு... அடுத்தவர் எழுதி, நாங்கள் பயன்படுத்தும் லைப்ரரிகளுக்கு, அதாவது ஆயத்த நிரல்களுக்கு, புது வெர்ஷன் வந்தால் மாற்றுவது. ஒவ்வொன்றாகத்தான் மாற்றுவேன். ஒவ்வொரு முறையும், மென்பொருள் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கும் எல்லாச் சோதனைகளையும் ஓட்டி, எண்ணிக்கையை டைரியில் எழுதுவேன்.

அன்று பதினொரு லைப்ரரிகள். அத்தனையையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டேன். யாருக்காக அந்த அவசரம்? ஷாகுலுக்காக. தில்லை நகரில் ஒரு கிளினிக்குக்கு எங்கள் ஃப்ரேம்வொர்க்கை வைத்து டோக்கன் மென்பொருள் எழுதிக் கொடுத்தவர். நெட் தடுமாறினால் ஒரே எண் இரண்டு பேருக்குப் போய்விடும். அந்தப் பிழையைப் போன மாதமே நான் சரிசெய்துவிட்டேன். ஆனால் புது ரிலீஸ் வந்தால்தான் அது அவர் கைக்குப் போகும்.

காலையிலேயே போன் செய்தார். "சார், நேத்து பதினேழாம் நம்பரோட ரெண்டு பேரு நின்னாங்க. ரெண்டு பேருமே வேட்டிய மடிச்சுக் கட்டிட்டாங்க. இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா மெஷினைத் தூக்கிப் போட்டுட்டு துண்டுச் சீட்டுக்கே போயிடுவேன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இன்னைக்குச் சாயங்காலம் ரிலீஸ் விட்டுருங்க சார்."

விட்டிருப்பேன். பச்சையைப் பார்த்ததும் அவருக்கு மெசேஜ்கூடப் போட்டுவிட்டேன். ஆனால் டைரியில் இருந்த எண்ணிக்கை 412. திரையில் 409.

மூன்று சோதனைகள் தோற்கவில்லை. காணவில்லை.

"ஏன்னா, பச்சையா இருந்தா போக வேண்டியதுதானே? சிக்னல்லயும் இப்படித்தான் எண்ணிண்டு நிப்பேளா?" என்றாள் என் மனைவி.

"நிப்பேன்."

"தெரியுமே. பின்னாடி உக்காந்துண்டிருக்கறது நான்தானே."

பதினொன்றையும் கழற்றி, மறுபடி ஒவ்வொன்றாக மாட்டினேன். ஏழாவதில் பிடிபட்டது — சோதனைகளைத் தேடி எடுத்து ஓட்டும் லைப்ரரி அது. கோப்புகளுக்கு எப்படிப் பெயர் வைக்க வேண்டும் என்ற விதியைப் புது வெர்ஷனில் மாற்றியிருக்கிறார்கள். விதிக்குப் பொருந்தாத ஒரு கோப்பை அது சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டது. அதற்குள்தான் மூன்றும் இருந்தன. பெயரை மாற்றினேன். 412.

எட்டாவது சரி. ஒன்பதாவதை மாட்டியதும் ஒன்று சிவப்பானது. எது? காணாமல் போன மூன்றில் ஒன்று, டோக்கன் பிழைக்குக் காவல் இருந்த சோதனை. பதில் வராத கோரிக்கையை அந்த லைப்ரரி இப்போது தானாகவே இன்னொரு முறை அனுப்புகிறதாம்; அதனால் ஒரே எண் இரண்டு தடவை அச்சாகிவிடும். நான் அடைத்த ஓட்டை மறுபடி திறந்து கிடந்தது... அதன்மேல் பச்சை விளக்கு வேறு.

"இன்னைக்கு இல்லை" என்று ஷாகுலிடம் சொன்னேன்.

"எல்லாம் பச்சைன்னு நீங்கதானே சார் மெசேஜ் போட்டீங்க?"

"பச்சைதான். வேலை செய்யலை."

பாவம், அன்று மாலை அவரே கிளினிக் வாசலில் நின்று ஒவ்வொரு டோக்கனையும் சரிபார்த்தாராம். நான் ஒன்பதாவதைப் பழைய வெர்ஷனிலேயே நிறுத்தி, மற்ற பத்தையும் மாற்றி, 412-ஐ மூன்று முறை எண்ணினேன். புதன்கிழமை மதியம் ரிலீஸ் போனது.

தோற்றவனைத்தான் எல்லோரும் விசாரிக்கிறோம். பரீட்சைக்கே வராதவனை யார் தேடுகிறார்கள்?

வியாழன் மாலை ஷாகுல் கூப்பிட்டார். "அறுபத்து மூணு டோக்கன் சார். நடுவுல ரெண்டு தடவ நெட்டு போச்சு. ஒண்ணுகூட டபுள் இல்ல."

"சண்டை?"

"ஒண்ணே ஒண்ணு. ஃபேனுக்குக் கீழ யாரு உக்கார்றதுன்னு."

அதற்கு எங்களிடம் அப்டேட் இல்லை.