ஒழுகாத கான்

எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு மண்ணெண்ணெய்க் கான், வாய்வரை தண்ணீரோடு, ஒரு கிழமையாகக் கல்லின் மேல் இருந்தது. வைத்தது என் மனைவி. காலையில் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம் அதன் அடியைத் தடவிப் பார்ப்பாள். "ஒரு சொட்டும் ஒழுகேல்லை" என்பாள். நான் அவசரமாக வலையில் கிழிசல் தேடுவேன்.

விஷயம் இதுதான். தனியே தொழிலுக்குப் போன என் படகு, கானில் இருந்த எண்ணெய் தீர்ந்து பேசாலைக் கடலில் நின்றுவிட்டது. இன்னொரு படகுக்காரர் கயிறு போட்டு இழுத்து வந்தார். எங்கள் கரையில் இதற்குக் கூலி வாங்க மாட்டார்கள், கறிக்கு மீன்கூட வாங்க மாட்டார்கள். "என்ன நடந்தது?" என்று மட்டும் கேட்பார்கள். கேட்டதைப் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் எல்லோருக்கும் சொல்வார்கள். கூலியே கொடுத்துத் தொலைத்திருக்கலாம். கான் ஒழுகிவிட்டது என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன். "அப்ப ஓட்டையைக் கண்டுபிடிச்சு அடைக்குமட்டும் தனியக் கடலுக்குப் போகவேண்டாம்" என்று மனைவி சொல்லிவிட்டாள். இல்லாத ஓட்டையை எப்படி அடைப்பது? படகும் நானும் கரையில் கிடந்தோம்.

அப்போதுதான் வானத்திலிருந்து எனக்கொரு கூட்டாளி வந்து இறங்கினார். ஒரு காலை, சின்ன விமானம் ஒன்று சத்தமே இல்லாமல் பனைகளுக்கு மேலால் சரிந்து வந்து, கடல் வற்றிக் கிடந்த ஈர மணலில் ஓடி, கருவாட்டுப் பந்தலுக்குக் கொஞ்சம் இப்பால் நின்றது. உள்ளே விமானி ஒருவர்தான். கொழும்புப் பக்கம், முப்பது வயதிருக்கும். காயமில்லை.

"தண்ணி ஏறப்போகுது, இழுங்கோ!" என்று யாரோ கத்தினார்கள். எங்களுக்குத் தெரிந்தது படகு இழுக்கத்தான். சக்கரக் காலில் கயிறு கட்டி, அம்பா பாடி இழுத்தோம். படகின் முன்நுனியான அணியத்தைப் பிடித்தே பழகிய ஒரு பெரியவர் போய் முன்விசிறியைப் பிடித்துவிட்டார். "ஐயோ, அதத் தொடாதீங்க ஐயா!" என்று விமானி போட்ட சத்தத்தில் பாட்டே நின்றுபோனது. எப்படியோ மேட்டு மணலில் ஏற்றிவிட்டோம்.

மனைவி கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுத்தாள். இழுத்தாயிற்று, இனிக் கேள்விதானே. "என்ன தம்பி நடந்தது?"

"எண்ணெய் முடிஞ்சிருச்சு அக்கா."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியே, வானத்தில போறவருக்கே இப்பிடி!" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, "எண்ணெய்த் தாங்கி ஒழுகியிருக்கும், என்ன தம்பி?" என்று அவருக்கு எடுத்துக் கொடுத்தேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "இல்லண்ணா. ஒண்ணும் ஒழுகல. மீட்டர் முள்ளு குறைஞ்சு காட்டுனதப் பாத்தேன். போதும்னு நெனச்சேன். என் பிழைதான்."

லைசென்சே போகக்கூடிய ஆள், ஊரே சுற்றி நிற்க இதைச் சொல்கிறார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்று நானும் கானைத் தூக்கி ஆட்டிப் பார்த்தவன்தான். பாரம் குறைவென்று கைக்குத் தெரிந்தது. போதும், இது காணும் என்று நான்தான் சொல்லிக்கொண்டேன்.

பின்னேரம் அவருடைய ஆட்கள் வந்து அவரைக் கூட்டிப்போன பிறகு, மனைவி வழமைபோலக் கானைத் தடவக் குனிந்தாள்.

"இஞ்ச பாரப்பா, அதில ஓட்டை இல்லை," என்றேன். "எண்ணெய் குறைவெண்டு தெரிஞ்சுதான் போனனான்."

"தெரியும். ஒழுகியிருந்தால் படகெல்லாம் மணந்திருக்கும். அண்டைக்குப் படகு கழுவினது ஆர், நான்தானே?"

"பிறகேன் ஒரு கிழமையாத் தடவிப் பாத்தனி?"

"நீங்களாச் சொல்லுவியள் எண்டுதான். மத்தியானம் வரவேண்டிய மனுசன் பொழுதுபடுமட்டும் வரேல்லை. கரையில நிண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வந்து இறங்கினதும் என்னட்டயும் பொய்தானே சொன்னீங்கள்?"

என் கைவசம் இன்னொரு பொய்யும் இருக்கவில்லை.

அவள் தண்ணீரை முருங்கையடியில் ஊற்றிவிட்டு, வெறுங்கானை என் கையில் தந்தாள். "நாளைக்குப் போறதெண்டால், கழுத்துமட்டும் நிரப்பிக்கொண்டு போங்கோ."