பின்னால் உட்கார்ந்து வந்தவர்

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்களில் அல்சூர் பக்கம் ஒரு தர்மக் கண் ஆஸ்பத்திரியில் பிக்கப் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். புதன்கிழமைதோறும் ஆனேக்கல் சுற்றுவட்டாரக் கிராமங்களில் கண் முகாம். வண்டியின் பின்பக்கம் தார்ப்பாய்க் கூண்டு. அதற்குள் மடக்கு நாற்காலிகள், மருந்துப் பெட்டி, ஸ்பாஞ்சு சுற்றிய ஒரு மரப்பெட்டி. அந்த மரப்பெட்டிதான் எங்கள் எல்லோருக்கும் எஜமான். கண்ணுக்குள் மெல்லிய ஒளிக்கோட்டைப் பாய்ச்சிப் பார்க்கும் கருவி அதில் இருந்தது. அதிகம் குலுங்கினால் உள்ளேயிருக்கும் கண்ணாடி நகர்ந்து, ஒளி ஒரு பக்கம், லென்ஸ் ஒரு பக்கம் என்று ஆகிவிடும். அப்புறம் அன்றைக்கு முகாம் கிடையாது.

அந்தக் கருவிக்காகவே வண்டிக்கு ஏர் சஸ்பென்ஷன் போட்டிருந்தார்கள். பின் அச்சுக்கு மேலே இரண்டு ரப்பர் காற்றுப் பைகள், புதிதாக வந்த சொகுசு பஸ்களில் இருப்பதுபோல. அதுதான் எனக்கு வினையாக வந்தது. காற்றின் மேல் மிதக்கிற வண்டியிலும் கருவி கெட்டுப்போகிறது என்றால், தப்பு யார் மேல்? டிரைவர் மேல்தான்.

இரண்டு மாதத்தில் மூன்று முறை கெட்டது. மூன்றாவது முறை, காலையிலிருந்து காத்திருந்த நாற்பது பேரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. இரண்டு பஸ் மாறி வந்திருந்த ஒரு பெரியவர், "மறுபடி இங்க முகாம் போடும்போது வாங்க" என்றதும் கைகூப்பிவிட்டுப் போனார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டார். ரோடு சரியில்லை என்றேன். அவர் சிரித்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, நீ கேட்ல போய் உக்காந்துக்கோப்பா."

எனக்குக் கோபம் மூக்கின் மேலேயே இருக்கும். பதினைந்து வருஷம் ஸ்டியரிங் பிடித்த கையில் வாட்ச்மேன் விசிலைக் கொடுக்கிறேன் என்கிறார். அவமானத்தில் காது சுட்டது. ஆனால் அன்று நான் செய்த காரியம் ஒன்றுதான்: நேராகப் போய்க் காற்றுப் பைகளில் இன்னும் கொஞ்சம் காற்று ஏற்றினேன். ஒவ்வொரு முறை திட்டு வாங்கியதும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

கருவியைக் கையாள்கிறவர் ஜோகுபாளையத்துப் பெண். என்னைவிடப் பத்து வயது இளையவர். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். அதிகம் பேசமாட்டார். கருவி அவர் பொறுப்பு என்பதால் என்மேல் புகார் சொல்ல யாரையும்விட அவருக்குத்தான் உரிமை இருந்தது. சொல்லியும் இருப்பார் என்றே நினைத்திருந்தேன்.

அடுத்த புதன்கிழமை காலை, எப்போதும் என் பக்கத்து சீட்டில் உட்காருகிற அவர் பின்னால் போய்க் கூண்டுக்குள் ஏறினார்.

"அங்க உக்காந்தா வாந்தி வரும் மேடம்."

"எலுமிச்சம்பழம் வச்சிருக்கேண்ணா. நீங்க எப்பவும் போல ஓட்டுங்க. எனக்காக மெதுவா ஓட்டினா கோச்சுக்குவேன்."

உளவு பார்க்க ஏறியிருக்கிறார் என்று மனதுக்குள் பொரிந்தேன். ஓசூர் ரோடெல்லாம் தோண்டிப் போட்டிருந்த காலம் அது. சந்தாபுரத்தில் திரும்பினால் அடிக்கொரு ஹம்ப், வேகத்தடை மேடு. எப்போதும்போலத்தான் ஓட்டினேன், எனக்கு வேறு மாதிரி ஓட்டத் தெரியாது.

ஊர் வந்து கூண்டைத் திறந்தேன். மேடத்துக்குத் தலையிலிருந்து கால்வரை செம்மண். காலடியில் எலுமிச்சம்பழம் சப்பிப் போய்க் கிடந்தது. மரப்பெட்டியை வழி முழுக்க இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்தபடி வந்திருக்கிறார். இறங்கியதும் ஒரு நிமிஷம் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பள்ளத்துல பூ மாதிரிதான் இறக்குறீங்கண்ணா. அப்போ பெட்டி சும்னே இருக்கு, அசையவே இல்ல. அதத் தாண்டி நல்ல ரோட்டுல போறீங்கல்ல, அப்பதான் குதிக்குது. ஆறு தடவை, ஏழு தடவை. எண்ணிட்டே வந்தேன்."

அவர் பிடித்து வந்ததால் அன்றைக்குக் கருவி பிழைத்தது, முகாமும் நடந்தது. நான் வண்டிக்கடியில் குனிந்து பார்த்தபடி யோசித்தேன். முன்சீட்டில் இருக்கிற எனக்குப் பள்ளம் தெரியும். பள்ளத்துக்குப் பிறகு பின்பக்கம் என்ன ஆகிறது என்று எப்படித் தெரியும்?

மறுநாள் மேடத்தையும் ஏற்றிக்கொண்டு நீலசந்திராவில் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் போனேன். அவர் வண்டியின் பின்பக்கத்தை ஓர் அமுக்கு அமுக்கிவிட்டுக் கையை எடுத்தார். அது தானாக ஆடிக்கொண்டே இருந்தது. மேடம் மெதுவாக எண்ணினார். ஆறு.

"இந்தக் காத்துப் பை ஹவா லோடு தூக்கும், அவ்ளோதான். ஆட்டத்த அடக்கறது ஷாக்கு. இது செத்து எத்தனை நாளாச்சோ. நீங்க ஹவா ஏத்த ஏத்த பந்து மாதிரி இன்னும் நல்லா குதிக்கும்" என்றார் மெக்கானிக்.

நான் தரையைப் பார்த்தேன். மேடம் என்னைப் பார்க்கவில்லை, அதற்காகவே அவரை இன்றைக்கும் கும்பிடலாம்.

பழைய ஷாக் அப்சார்பரைக் கழற்றிக் கொடுத்தார் மெக்கானிக். அமுக்கினால் வெறும் சைக்கிள் பம்புபோல உள்ளே போனது. வெளியெல்லாம் எண்ணெய் கசிந்து மண் அப்பியிருந்தது. பைகளை மாட்டியவர்கள் பின்பக்கத்தை இரண்டு விரல் உயர்த்திவிட்டு ஷாக்கை மாற்றாமல் விட்டுவிட்டார்களாம். எட்டாத உயரத்துக்கு இழுபட்டு இழுபட்டே அது செத்திருக்கிறது. கொஞ்சம் நீளமானது, கேஸ் அடைத்தது போட வேண்டும் என்றார். புதியதை மேடம் இரண்டு கைகளாலும் அமுக்கிப் பார்த்தார். அது பிகு பண்ணிக்கொண்டு மெல்ல இறங்கி, நிதானமாக அவர் கையைத் திருப்பித் தள்ளியது. குழந்தைபோலச் சிரித்தார். ஆபீசில் எழுதிக் கொடுத்து, தலையாட்ட வேண்டியவர்களைத் தலையாட்ட வைத்ததும் அவர்தான். இரண்டையும் மாற்றி, நான் ஏற்றிவைத்த காற்றையும் குறைத்தார் மெக்கானிக். மறுபடி ஓர் அமுக்கு. வண்டி எழுந்து ஒரே மூச்சில் நின்றுவிட்டது.

அடுத்த புதன்கிழமை பெரிய டாக்டரே தன் காரில் முகாமுக்கு வந்திருந்தார், என்னைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் என்று நினைக்கிறேன். பள்ளிக்கூட வராந்தாவில் மரப்பெட்டியைத் திறந்து கருவியை மேஜைமேல் வைத்தோம். முதல் ஆளாக, கைகூப்பிவிட்டுப் போன அதே பெரியவர். டாக்டர் குனிந்து பார்த்தார். நான் தூணோரம் நின்றேன். ஒளிக்கோடு பெரியவரின் கருவிழியில் நூல் பிடித்ததுபோல நேராக விழுந்திருந்தது.

டாக்டர் நிமிர்ந்தார். நல்ல மனிதர்தான், பாராட்டவே நினைத்தார். எல்லோர் முன்னாலும் சொன்னார்: "பரவால்லையேப்பா, இப்பவாவது ஸ்வல்ப ஒழுங்கா ஓட்டக் கத்துக்கிட்டயே."

தலையைக் குனிந்துகொண்டேன்.

கருவியைத் துடைத்துக்கொண்டிருந்த மேடம் துணியைக் கீழே வைத்தார்.

"அவரு முன்னாடியும் இப்படித்தான் சார் ஓட்டினாரு. கூடம் நெஜமாவே கோணல்தான். நான் பின்னாடி உக்காந்து பாத்தேன்."

சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அதற்குப் பிறகும் பல வருஷம் வண்டி ஓட்டினேன். என் ஓட்டத்தைப் பற்றி நல்லதும் கெட்டதுமாகச் சொன்னவர்கள் எத்தனையோ பேர். பின்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.