மாங்காயோடு திரும்பி வந்த தட்டு

இருபதாம் நூற்றாண்டு பிறந்து பத்து வருஷம் ஆகியிருக்கும். திருநெல்வேலி ரதவீதியில் என் அப்பா பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருந்தார். கட்டடம் வாடகை. கடையின் பின்கதவைத் திறந்தால் கட்டடக்காரர் வீட்டு முற்றம், அதில் ஒரு மாமரம். அந்த வீட்டுப் பெண்ணுக்கு என் வயசுதான். மூன்றாம் வகுப்போடு எங்கள் இரண்டு பேரையும் நிறுத்திவிட்டார்கள். யாரைக் கண்டாலும் வாய் எழும்பாத எனக்கு அவளிடம் மட்டும் பேச்சு வரும். அந்தக் கதவு வழியாகத்தான் நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

வாடகைக்கு எழுத்து கிடையாது. சித்திரை ஒன்றாம் தேதி தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, நடுவில் கடைச் சாவியை வைத்து அப்பா அனுப்புவார். கட்டடக்காரர் வெற்றிலையை எடுத்துக்கொண்டு சாவியைத் திருப்பிக் கொடுத்தால் இன்னும் ஒரு வருஷம் கடை எங்களுக்கு.

கட்டடக்காரப் பெரியவர் காலமான பிறகு அவர் மகன், என் சிநேகிதியின் அப்பா, வாடகையை ஏற்றிச் சீட்டு எழுதிக் கேட்டார். பின்கதவை அடைக்கணும் என்றும் அதில் எழுதியிருந்தது. அப்பா மாட்டேன் என்றார். அவள் அப்பா காலி பண்ணச் சொல்லி முனிசீப் கோர்ட்டுக்குப் போய்விட்டார். எனக்கு வாடகை பெரிதில்லை. கதவு போய்விடுமே என்றுதான் தவித்தேன்.

வழக்கு நடக்கும்போதே சித்திரை வந்தது. அப்பா பழக்கத்தில் தட்டை என் கையில் கொடுத்துவிட்டார். பின்கதவில் அவள் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அடுக்களையிலிருந்து அவள் அம்மை, "ஏளா, வெறுந்தட்டாக் குடுக்காத" என்று சத்தம் போட்டது எனக்குக் கேட்டது. வெற்றிலையை எடுத்துவைத்துவிட்டு, சாவிக்குப் பக்கத்தில் இரண்டு மாங்காயோடு வந்தாள்.

"உப்பு தொட்டுத் தின்னு. உங்க அம்மைகிட்ட குடுத்துராத, ஊறுகா போட்டுருவா" என்றாள்.

நாலு நாள் கழித்து வக்கீல் கடைக்கு வந்தார். அப்பா பேச்சுவாக்கில் தட்டைப் பற்றிச் சொன்னதும் வக்கீல் நிமிர்ந்துவிட்டார்.

"சாவி திரும்பி வந்துட்டா?"

"வந்துட்டு. இவதான் கொண்டுபோனா."

"ஏளா, வெறுந்தட்டாவா வந்துச்சு?" என்று என்னைக் கேட்டார்.

நான் தலையைக் குனிந்துகொண்டு, "மாங்கா கெடந்துச்சு. அவ அம்மைதான் வெறுந்தட்டாக் குடுக்காதன்னா" என்றேன்.

வக்கீல் தொடையைத் தட்டிச் சிரித்தார். "அண்ணாச்சி, இனி நீரு நிம்மதியா ஒறங்கும் வே. அவரு கோர்ட்டுல மாட்டேங்காரு, வீட்டுல மாங்கா போட்டுச் சரின்னுட்டாங்க!"

அவ்வளவு நீளமாக நான் பெரியவர்களிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

கோர்ட்டில் அவளுடைய அப்பா பொய் சொல்லவில்லை. தட்டு வந்தது, சாவி போனது, மாங்காயும் போனது என்று ஒத்துக்கொண்டார். எல்லாரும் சிரித்தார்களாம். ஒரு வருஷத்துக்குப் பழைய வாடகையே செல்லும், கதவும் இருந்தபடி இருக்கலாம் என்று தீர்ப்பு. அப்பா எல்லாருக்கும் அல்வா கொடுத்தார்.

கதவு திறந்துதான் கிடந்தது. அவள் வரவில்லை. மாங்காய் போட்ட கைக்குச் சூடு வைத்தார்கள் என்று வேலைக்காரி சொன்னாள். நான் தினமும் கதவோரம் உட்கார்ந்திருப்பேன். முற்றத்தில் சருகு உருளும். உள்ளே அவள் இருமுவது கேட்கும். அந்தத் தட்டில் சூது இல்லை, வக்கீல் கேட்டார், வாயில் வந்துவிட்டது என்று அவளிடம் சொல்ல வேண்டும். கூப்பிட வாய் வரவில்லை.

வருஷம் முடிந்ததும் அப்பாவே கடையைக் காலி செய்தார். கடைசி அண்டாவை வண்டியில் ஏற்றிவிட்டுச் சாவியை ஆள் மூலம் கொடுத்தனுப்பினார். பின்கதவைச் சாத்த நான் போனேன். கடை ஓட்டின் மேல் 'டம்' என்று ஒரு மாங்காய் விழுந்து என் காலடிக்கு உருண்டது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. மரத்தில் ஒரு இலைகூட அசையவில்லை.

அவள் பேர் தொண்டை வரைக்கும் வந்தது. வாசலில் அப்பா, "பைய வாளா, படி இருக்கு" என்றார். நான் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன். அந்த இரண்டு மாங்காயையும் எடுக்கக்கூட இல்லை.