கரண்ட் போகலையே அண்ணா

ஓசூரில் மத்திகிரி போகிற சாலையில் பெரிய கேட் போட்ட வில்லா குடியிருப்பு ஒன்று உண்டு. உள்ளே தெருக்களுக்கெல்லாம் இத்தாலி ஊர்களின் பெயர். அந்தத் தெருக்கள் எல்லாம் முடிகிற இடத்தில் கிளப் ஹவுஸ். கிளப் ஹவுஸுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்கும் குப்பை பிரிக்கும் இடத்துக்கும் நடுவே ஜெனரேட்டர் ரூம். அதற்கு இத்தாலிப் பெயர் எதுவும் வைக்கவில்லை. அங்கேதான் நல்லுசாமி வேலை பார்க்கிறார்.

சொந்த ஊர் துறையூர்ப் பக்கம். ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் படித்துவிட்டு, மாமன் மகனை நம்பி ஓசூருக்கு பஸ் ஏறியவர். மாமன் மகன் அதற்குள் ஜூஜுவாடியைத் தாண்டி பெங்களூருக்குப் போய்விட்டான். இவர் இங்கேயே நின்றுவிட்டார். ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் முடியும், அடுத்த கம்பெனியில் வேறு நிறச் சட்டை கொடுப்பார்கள். எல்லாச் சட்டையும் போட்டு முடித்த பிறகு இந்த ஜெனரேட்டருக்கு வந்து சேர்ந்தார். கரண்ட் இருக்கிறவரை இவர் ஒருவர் இருப்பது யாருக்கும் தெரியாது. போய்விட்டால் இத்தாலி முழுக்க இவர் பெயர்தான்.

நல்லுசாமி சண்டைக்குப் போகிற ஆள் இல்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் தணியும், மேடம், சார் என்பதெல்லாம் கூடும். ஆனால் மறக்க மாட்டார். வில்லாக்காரர் ஒருவர் அவரை "ஏய்" என்று கூப்பிட்டார். அதன்பிறகு எப்போது கரண்ட் போனாலும் அந்த வீட்டு ஏ.சி. மட்டும் கடைசியாகத்தான் ஓட ஆரம்பிக்கும். கேட்டால், "உங்க ஃபேஸ்ல லோடு ஜாஸ்தி சார்" என்பார். தீபாவளி இனிப்பை இவருக்கு மட்டும் தராமல் விட்ட செக்யூரிட்டி சூப்பர்வைசரின் கேபினில் ஃபேன் அந்தக் கோடை முழுக்க ஒரே வேகத்தில்தான் சுற்றியது, அதுவும் ஆமை வேகத்தில். எதையும் யாரும் நிரூபிக்க முடியாது. இந்த விஷயத்தில் நல்லுசாமி பெரிய கலைஞர்.

கலை என்றதும் மகள் சத்யப்ரியாவைச் சொல்ல வேண்டும். பதினாலு வயது. பாலே ஆடுகிறாள். வெள்ளைக்காரர்கள் கால்விரல் நுனியில் நின்று ஆடுவார்களே, அதேதான். மத்திகிரி வாடகை வீட்டுக்குள் பாலே எப்படி வந்தது என்றால், சி.எஸ்.ஆர். வழியாக, அதாவது கம்பெனிகள் சட்டத்துக்காகச் செய்கிற சமூக சேவை வழியாக வந்தது. நல்லுசாமியின் மனைவி பவளம் கார்களுக்கு வயர்க் கட்டு செய்கிற வயரிங் ஹார்னஸ் கம்பெனியில் வேலை செய்கிறார். தொழிலாளர் பிள்ளைகளுக்கு ஏதாவது நல்லது செய்தே தீர வேண்டும் என்று அந்தக் கம்பெனிக்கு வருஷக் கடைசியில் தோன்றியது. கம்ப்யூட்டர், கராத்தே எல்லாம் மற்ற கம்பெனிகள் எடுத்துக்கொண்டுவிட்டன. மிச்சம் இருந்தது பாலே. கிளப் ஹவுஸில் பாலே வகுப்பு நடத்தும் மேகலா மேடம் 'சி.எஸ்.ஆர். குழந்தைகள்' இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டார். ஒரு பிள்ளை முதல் மாதமே கால் வலிக்கிறது என்று நின்றுவிட்டது. சத்யாவுக்கும் வலித்தது. ஆனால் அவள் நல்லுசாமி மகள். எந்த இடம் வலித்ததோ, அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிற ரகம்.

மொட்டை மாடி அறையில் அவள் பழகும்போது கீழே வீட்டு ஓனர் கெம்பம்மா தலையில் கைவைத்துக்கொண்டு வெளியே வருவார். "ஏனம்மா பவளம், மேல உரல் இடிக்கிறாளா உம் பொண்ணு? எங்க வீட்ல சட்டியெல்லாம் குதிக்குது."

"உரல் இல்லீங்கக்கா. பாலே."

"ஹாலா? ஹாலுக்கு இவ்வளவு சத்தமா?"

பாலேயைக் கன்னடத்து 'ஹாலு', அதாவது பால் என்று புரிந்துகொண்டு கெம்பம்மா உள்ளே போய்விடுவார். மேலே டக், டக், டக்கென்று தொடரும். இடது கால் இறங்கும்போது மட்டும் சத்தம் ஒரு பிடி கூடுதலாக விழும். ஷிஃப்ட் முடிந்து படுத்திருக்கும் நல்லுசாமிக்கு அந்தச் சத்தத்தில்தான் தூக்கம் வரும்.

பகை ஆரம்பித்தது ஆண்டு விழாவில். பெற்றோரை ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்து, பிள்ளையோடு நிற்க வைத்து, சால்வை போட்டு போட்டோ எடுத்தார்கள். நல்லுசாமி பட்டுக்கரை வேட்டி கட்டி, சென்ட் அடித்து, வரிசையில் நின்றார். முறை வந்து படியேறினார். மேகலா மைக்கோடு திரும்பிப் பார்த்தார். முகம் தெரிந்தது, வேட்டி குழப்பியது.

"ஜெனரேட்டர் அண்ணா! கரண்ட் போகலையே அண்ணா, நீங்க ஏன் மேல வந்தீங்க?"

மைக் நன்றாக வேலை செய்தது. அதை மாட்டியதே நல்லுசாமிதான். ஹால் முழுக்கச் சிரித்தது. மேகலா உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "அய்யோ, சத்யா அப்பா இல்ல? வாங்க வாங்க" என்று சால்வையை நீட்டினார். நல்லுசாமி வாங்கவில்லை. "பரவால்ல மேடம், லோடு பாக்கணும்" என்று இறங்கிவிட்டார். சிரித்தவர்களில் சத்யாவும் இருந்தாள். அதை மட்டும் அவர் வீட்டில் சொல்லவில்லை.

"சொன்னா சொல்லிட்டுப் போறாங்க. புள்ள காசில்லாம கத்துக்குது, வாய மூடிக்கிட்டு இருங்க" என்றார் பவளம்.

"நான் என்ன பேசினேன்?" என்றார் நல்லுசாமி. குரல் மிகவும் தணிந்திருந்தது.

பல மாதம் கழித்து வாய்ப்பு தானாக நடந்து வந்தது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கான பாலே உதவித்தொகைப் போட்டி. ஜெயிக்கிற ஒரு பிள்ளைக்கு ஜெர்மனியில் ஒரு பாலே பள்ளியில் ஒரு வருஷம் இலவசமாகத் தங்கிப் படிக்க இடம். நடத்துகிறவர்கள் பெங்களூர்க்காரர்கள். எங்கள் ஹாலிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று மேகலா மேடம் அவர்களைப் பேசிச் சம்மதிக்க வைத்தார். அவர் மகள் தன்யஸ்ரீயும் போட்டியில் இருந்தாள். எந்தத் தாய்க்கும் சொந்த மைதானம் பிடிக்கும்.

பெங்களூர்க்காரர்கள் தேதி குறிக்கும்போது நடுவர் ஓய்வாக இருக்கிறாரா, ஹால் காலியா என்று பார்த்தார்கள். இந்தப் பக்கம் மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலையில் கரண்டை நிறுத்தினால் சாயங்காலம்தான் வரும், அதைப் பார்க்காமல் இங்கே யாரும் காதுகுத்துகூட வைப்பதில்லை என்பது எல்லைக்கு அந்தப் பக்கம் யாருக்கும் தெரியாது. பேப்பரில் அறிவிப்பைப் பார்த்த நல்லுசாமி அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதே தேதி. அன்று முழுக்க அந்த ஹாலுக்கு வெளிச்சமும் பாட்டும் அவர் கையில்.

விஷயம் தெரிந்ததும் மேகலா ஜெனரேட்டர் ரூமுக்கே ஓடி வந்தார். "அண்ணா, உங்கள நம்பித்தான் இருக்கோம்."

"நான் எங்க போகப் போறேன் மேடம். கீழதான இருப்பேன்."

திட்டம் எளிமையானது. ஒவ்வொரு பிள்ளையும் தனியாக ஒரு சின்ன ஆட்டம் ஆட வேண்டும். தன்யாவுக்கும் சத்யாவுக்கும் மேகலா சொல்லிக்கொடுத்தது ஒரே ஆட்டம், ஒரே பாட்டு. அவருக்கு முழுசாகத் தெரிந்தது அது ஒன்றுதான். அதில் ஒரு இடம் வரும். வயலின் மெலிந்து மெலிந்து போக, பெண் ஒற்றைக் கால் நுனியிலேயே மேடையின் மூலைக்கு மூலை தத்தித் தத்திப் போக வேண்டும். உயிர் போகிற இடம். கெம்பம்மா வீட்டுச் சட்டிகள் குதிப்பது அப்போதுதான். அந்த இடத்தில் ஜெனரேட்டரை நிறுத்த வேண்டும். பாட்டு போகும், லைட் போகும், ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் திரை என்பதால் மேகலா மகள் இருட்டில் கொக்கு மாதிரி நிற்பாள். அப்போது மேகலா பின்பக்கமாக ஓடி வருவார். இவர் சொல்ல வேண்டிய வசனத்தையும் தயாராக வைத்திருந்தார்: "கரண்ட்தான் போயிருச்சே மேடம், நீங்க ஏன் கீழ வந்தீங்க?"

பொண்ணு கால் பிசகிவிட்டால்? இந்தக் கேள்வி ஒருமுறை வந்தது. அவர் அதை லோடு ஜாஸ்தி என்று கழற்றிவிட்டார்.

போட்டியன்று கதவில் ஒட்டியிருந்த வரிசையைப் பார்த்து வைத்துக்கொண்டார். டீ இடைவேளை முடிந்ததும் முதலில் தன்யஸ்ரீ. சத்யா கடைசியில். மகள் ஆடும்போது பக்கவாட்டுக் கதவருகே போய் நின்று பார்ப்பதாக அவளிடம் சொல்லியிருந்தார்.

டீ முடிந்தது. எஞ்சின் சத்தத்தையும் மீறி வென்டிலேட்டர் வழியாக அந்த வயலின் வந்தது. நல்லுசாமி கையைத் துணியில் துடைத்துக்கொண்டு ஸ்டாப் பட்டன் அருகே நின்றார். பாட்டு ஏறியது, சுற்றியது, மெலிந்தது. அந்த இடம் வந்தது.

அமுக்கினார்.

எஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கியது. ஹாலில் "ஓ" என்று ஒரு சத்தம். அப்புறம் அமைதி. நல்லுசாமி கண்ணை மூடிக்கொண்டார். ஆண்டு விழாவின் கணக்கு தீர்ந்தது.

டக். டக். டக்.

பாட்டு இல்லாத ஹாலுக்குள்ளிருந்து வந்தது. அந்தப் பெண் நிற்கவில்லை. இருட்டில் தத்திப் போய்க்கொண்டிருந்தாள். திமிரைப் பாரேன் என்று நினைத்தார். டக், டக், டக். பிறகு கால் மாறியது. இடது கால் இறங்கியபோது சத்தம் ஒரு பிடி கூடுதலாக விழுந்தது.

நல்லுசாமியின் உடம்பு அவர் யோசிப்பதற்கு முன்னால் புரிந்துகொண்டது. ஸ்டார்ட் பட்டனை அமுக்கினார். எஞ்சின் இருமியது, பிடிக்கவில்லை. மறுபடி இருமியது. இத்தனை வருஷத்தில் ஒருநாளும் மக்கர் பண்ணாத எஞ்சின், அதற்கும் ஏதோ பழைய கணக்கு இருந்தது போல. அதை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். கிளப் ஹவுஸைச் சுற்றிக்கொண்டு போய்ப் பக்கவாட்டுக் கதவைத் தோளால் தள்ளித் திறந்தார். காலை வெயில் பாளமாக மேடை மேல் போய் விழுந்தது. அந்த வெயிலுக்குள், மேடையின் விளிம்புக்கு ஒரு சாண் தள்ளி, வெள்ளைப் பாவாடையில் சத்யா சுற்றிக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் தாளம் எண்ணிக்கொண்டிருந்தது. கடைசிச் சுற்று முடித்து, முழங்கால் மடக்கி வணங்கி நிமிர்ந்தபோது கண் நேராகக் கதவில் நின்ற அப்பாவிடம் வந்து நின்றது.

கைதட்டலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நடுவராக வந்த வெள்ளைக்காரப் பாட்டி எழுந்தே நின்றுவிட்டார்.

நடந்தது இதுதான். தன்யாவின் ஷூ ரிப்பன் கடைசி நேரத்தில் அறுந்துவிட்டது. தைக்க நேரம் வேண்டும். மேகலா சத்யாவைப் பிடித்து, "நீ போடி முன்னாடி, மேடை காலியா இருக்கக் கூடாது" என்று தள்ளிவிட்டார்.

அப்புறம் நல்லுசாமி போய் ஸ்டார்ட் பண்ண, எஞ்சின் ஒழுங்காக ஓடியது. தன்யா கடைசியில், முழு வெளிச்சத்தில், முழுப் பாட்டோடு, ஒரு குறையும் இல்லாமல் ஆடினாள். யாருக்கும் அது ஞாபகமில்லை. உதவித்தொகை சத்யப்ரியாவுக்கு.

மேகலா மேடம் லேசுப்பட்டவரா? மைக்கைப் பிடித்தார். "மியூசிக் இல்லன்னாலும் ஆடணும்னுதான் நான் என் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுக்கறேன்" என்றார். வெள்ளைக்காரப் பாட்டி தலையாட்டினார். "இன்னொருத்தருக்கும் நன்றி சொல்லணும். கரண்ட் போனதும் ஓடி வந்து கதவத் திறந்துவிட்டாரே, நம்ம ஜெனரேட்டர் அண்ணா. மேல வாங்கண்ணா."

அதே மேடை. அதே சால்வை. டீசல் கறைச் சட்டையோடு நல்லுசாமி ஏறினார். மேகலா போர்த்திவிட்டார். பக்கத்தில் நின்ற சத்யா போட்டோவுக்குச் சிரித்தாள். அப்பாவை மட்டும் பார்க்கவில்லை.

வண்டியில் வீட்டுக்குப் போகும்போது பின்னாலிருந்து கேட்டாள். "தானா நின்னுச்சாப்பா?"

"ஏர் லாக். டீசல் கொறஞ்சா வரும்."

"நேத்துதான டீசல் ரொப்புனீங்க."

வண்டி கால்நடைப் பண்ணைச் சுவரைத் தாண்டியது.

"தன்யான்னு நெனச்சிங்க."

"அவங்கம்மா அன்னிக்கு மைக்ல..."

"அவ கால் ஒடஞ்சிருந்தா? அவ என்னப்பா பண்ணா? எனக்கு ரிப்பன் தைக்கக் கத்துக்குடுத்ததே அவதான்." பிறகு, "அன்னிக்கு நானும்தான் சிரிச்சேன். எனக்கு எப்ப கரண்ட்ட நிறுத்துவீங்க?"

நல்லுசாமிக்கு வண்டி ஓட்டத் தெரியாமல் போய்விட்டது. ஓரமாக நிறுத்திவிட்டு, கண்ணாடியில் பார்க்காமல், "நிறுத்திட்டேனே சாமி" என்றார்.

அவள் அழவில்லை. "அம்மாகிட்ட சொல்ல மாட்டேன். ஆனா நான் சொல்றத நீங்க செய்யணும்."

செய்ய வேண்டியது அந்த வார ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தது. கேட் உயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். 'ஜெர்மனி செல்லும் எங்கள் மாணவி!' என்று மேலே. நடுவில், கை கூப்பி, வில்லா கதவளவு பெரிதாக மேகலா மேடம். கீழ் மூலையில், கண் இடுக்கிப் பார்த்தால், சத்யா. அதைக் கட்ட வேண்டியவர் நல்லுசாமி. மகள் போட்ட தண்டனை. பழி வாங்குவது ரத்தத்தில் வருகிறதா, சி.எஸ்.ஆரில் வருகிறதா, தெரியவில்லை.

ஏணியில் ஏறினார். கீழே சத்யா ஏணியைப் பிடித்துக்கொண்டாள். மூன்று மூலையை இழுத்து, இரட்டை முடிச்சுப் போட்டுக் கம்பியாக இறுக்கினார். மேடத்தின் தலைப்பக்கத்து நாலாவது மூலைக்கு வந்ததும் கை கொஞ்சம் நிதானித்தது. கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி, பார்ப்பதற்கு முடிச்சு மாதிரி ஒன்றைப் போட்டார். சாயங்காலம் மத்திகிரிப் பக்கமிருந்து காற்று வந்தால் அந்த மூலை மடிந்து, மேடத்தின் முகத்தை மூடி, சரியாகக் கூப்பிய கை வரைக்கும் இறங்கும். கீழ் மூலைக்கு ஒன்றும் ஆகாது.

"அப்பா, அந்த மூலை."

"இறுக்கித்தான் இருக்கு."

சத்யா அந்த முடிச்சைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாள். பிறகு மேடத்தின் முகத்தைப் பார்த்தாள்.

"சரி, எறங்குங்க. காத்து வர்றதுக்குள்ள போயிரலாம்."