எங்கள் தெருவுக்கு மட்டும் ஏன் தைராய்டு கேன்சர்? பெரம்பலூர் போய்க் கேட்டு வந்தேன்

கழுத்தில் ஆறு மில்லிமீட்டர் கட்டி. ஊசி குத்திப் பார்த்ததில் தைராய்டு கேன்சர் என்று வந்துவிட்டது. முதலில் பார்த்த டாக்டர் ஆபரேஷனுக்குத் தேதியே குறித்துவிட்டார். எதற்கும் இன்னொருவரிடம் கேட்டுவிடலாம் என்றுதான் போன மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை பெரம்பலூர் கிளம்பினேன். நான் ஜெயங்கொண்டத்தில் எல்.கே.ஜி. டீச்சர். ஆபரேஷனில் குரல் போய்விட்டால் பிழைப்பே போச்சு!

துணைக்கு நாத்தனார் செல்வி. "உங்க குரலுக்கு ஒண்ணும் ஆவாது அண்ணி, புள்ளைங்கதான் பாவம்" என்று கேலி வேறு. காலை 6.10 பஸ். அரியலூரில் மாறி, 8.30க்குப் பெரம்பலூர். சுமார் 70 கிலோமீட்டர். வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரி. ஜன்னலோரம் உட்கார்ந்தால் தலை வெளுத்துவிடும்.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ 80 ரூபாய். "தைராய்டுக்குங்களா? முன்னல்லாம் யாருக்குங்க இது இருந்துச்சு? இப்ப வூட்டுக்கு வூடு. தண்ணி சரியில்லைங்க" என்றார் டிரைவர்.

எங்கள் தெருவும் அதையேதான் சொன்னது. பத்துப் பேருக்கு மேல் சேர்ந்து வந்தால் ஸ்கேனுக்குச் சலுகை என்று ஒரு லேபில் சொன்னதும், மகளிர் குழுவில் பன்னிரண்டு பேரும் தீபாவளிக்குப் புடவை எடுக்கப் போவதுபோல் போனோம். மூன்று பேர் கழுத்தில் கட்டி. இரண்டு சாதாரணம், என்னுடையது இது. அன்றிலிருந்து தெருவே போர் தண்ணீரை விட்டுவிட்டு கேன் தண்ணீர் குடிக்கிறது.

டாக்டரம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"உங்க தெருவுல எத்தனை பேரு கழுத்துக்கு ஸ்கேன் எடுத்தீங்க?"

"பன்னெண்டு பேருங்க."

"பக்கத்துத் தெருவுல?"

"யாரும் எடுக்கலைங்க."

"அப்ப அங்க இருக்கா இல்லையான்னு எப்படிம்மா தெரியும்?"

டாக்டரம்மா விளக்கினார். பல நாடுகளில் இந்த நோயின் எண்ணிக்கை வருஷக்கணக்காக ஏறி வந்திருக்கிறதாம். பெரும்பாலும் ஸ்கேன் பெருகியதால் அகப்பட்ட சின்னக் கட்டிகள். சாவு அந்த அளவுக்கு ஏறவில்லை. வேறு காரணங்களும் இருக்கலாம் என்றார். "தண்ணி மேல சந்தேகம்னா தண்ணிய டெஸ்டுக்குக் குடுங்க, கழுத்த இல்ல."

பிறகு அவரே மறுபடி ஸ்கேன் பார்த்தார். நெறிகட்டி எதுவும் இல்லை. என் கட்டி குரல் நரம்புக்கும் தள்ளியே இருக்கிறது. "உங்களுக்கு இப்ப ஆபரேஷன் அவசரம் இல்ல. ஆறு மாசத்துக்கு ஒருக்கா பாப்போம். பெருசானா அப்ப எடுத்துக்கலாம். வராம மட்டும் இருந்துடாதீங்க." அங்கேயே அழுதுவிட்டேன். கூட்டம் நிற்கும்போது எனக்காக அரைமணி நேரம் ஒதுக்கிய மகராசி, நன்றாக இருக்க வேண்டும்.

போகிறவர்களுக்கு: பழைய ரிப்போர்ட் அத்தனையும் எடுத்துப் போங்கள். கேட்க வேண்டியதை எழுதிக்கொண்டு போங்கள். கட்டி வளர்ந்தாலோ குரல் கம்மினாலோ தள்ளிப்போடாதீர்கள். எனக்குச் சொன்னது எனக்கு மட்டும். உங்கள் கழுத்துக்கு உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

முக்கியமாக, துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள். பத்து நாளாகத் தூக்கமில்லாமல் கிடந்தது நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். திரும்பும் பஸ் டவுனைக்கூடத் தாண்டவில்லை, செல்வி என் தோளில் சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்துவிட்டாள்.