கதை இல்லாத சுனை

கஞ்சிக்கோட்டில் ஃபாக்டரிகளுக்கு நடுவே ஒரு மாடி அறையில் எனக்கு வேலை. வீடியோ கேமில் வருகிற, எங்கேயும் இல்லாத ஊர்களுக்குப் பெயர் வைக்க வேண்டும். பெயர் மட்டும் போதாது, அது வந்த புராணமும் வேண்டும். விளையாடுகிறவர் ஊர்ப்பலகையைத் தொட்டால் ஒரு குரல் அந்தக் கதையைச் சொல்லும். வைதரணியை வைத்து ஓர் ஆறு, பாதாளத்தை வைத்து ஒரு கோட்டை, யாரோ ஒரு முனிவர் விட்ட சாபத்தில் ஒரு பாலைவனம். இதற்கெல்லாமா சம்பளம் தருகிறார்கள் என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். தேவர்களுக்குக் கோபம் வராவிட்டால் எனக்குச் சோறு கிடையாது என்பேன்.

என் தங்கை சின்னக்கானலில் செத்தாள். ரிசார்ட் வேலை முடிந்து எஸ்டேட் லயத்து வீட்டுக்குத் திரும்புகையில், தேயிலைக்காட்டு வளைவில் பனிமூட்டத்துக்குள் நின்ற யானையை அவள் பார்க்கவில்லை. கல்யாணம் ஆகாமல் செத்த பெண்ணை எங்கள் குடும்பத்தில் கன்னியாக வைத்துக் கும்பிடுவார்கள். ஓலைப்பெட்டிக்குள் பாவாடை, சட்டை, வளையல். அதற்குப் பிறகு அவள் பெயரை வீட்டில் யாரும் வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் தெய்வம் மறுபடி மனுஷியாகித் தவிக்குமாம். எனக்கு எரிச்சலாக வரும். பல் தேய்க்காமல் டீ குடித்து என்னிடம் ஏச்சு வாங்கியவள் எப்போது தெய்வமானாள்? அம்மா மட்டும் அந்த வழக்கத்தை இம்மியும் விடவில்லை. "கன்னிக்குப் பூ வாங்கிட்டு வா" என்றுதான் சொல்வாள்.

டூரிஸ்டுகளை ஏற்றிச் சுற்றுகிற ஜீப்காரர்கள் சும்மா இருப்பார்களா? அவள் செத்த இடம் கன்னி வளைவு ஆனது. பாண்டிய ராஜா மகள் ஒருத்தி காதலனுக்காக இங்கே காத்திருந்தாள் என்று ஒரு டிரைவர் டூரிஸ்டுகளுக்குச் சொன்னதைப் பக்கத்தில் நின்று நானே கேட்டேன். ராஜா மகளாம். என் தங்கை ரிசார்ட்டில் பெட்ஷீட் மாற்றுகிறவள். இப்படியே போனால் அவள் என்று ஒருத்தி இருந்ததே இல்லாமல் போய்விடும் என்று பயம் பிடித்துக்கொண்டது.

அதனால் கேமில் மலையடிவாரத்துச் சுனை ஒன்றுக்கு அவள் பெயரை வைத்தேன். கதைக்கான இடத்தைக் காலியாக விட்டேன். எங்கள் டீம் லீடர் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். அவர் லேசில் விடவில்லை.

"ஏனுங்க, இது எந்தச் சாமி பேருங்க?"

"சாமி இல்லைங்க."

"பேருன்னா ஒரு கதை வேணுமுங்க. நானே எழுதிப் போட்டர்றனுங்க."

மறுநாள் படித்தேன். இந்திரனின் யானை தாகத்தில் தந்தத்தால் நிலத்தைக் குத்தியதாம், அங்கே சுனை பிறந்ததாம். அவருக்கு என் வீட்டுக் கதை தெரியாது, அவர் மேல் தப்பில்லை. "யானை வேண்டாங்க" என்றேன். எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. எழுதியதை அழித்துவிட்டு, "இந்த ஒரு எடம் இப்படியே இருக்கட்டுமுங்க" என்றார்.

கேம் வெளிவந்ததும் லீவு போட்டு வீட்டுக்குப் போனேன். கொழுந்து பறிக்கப் போயிருந்த அம்மா மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தாள். மொபைலில் ஒவ்வொரு ஊராகக் காட்டினேன். பலகைகளை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்தாள். சுனை வந்தது. படிப்பதை நிறுத்திவிட்டாள். பலகையைத் தொட்டாள், குரல் எதுவும் வரவில்லை. மறுபடி தொட்டாள்.

வழக்கத்தை மீறிவிட்டேன் என்று ஏசப் போகிறாள் என நினைத்தேன். அவள் ஓலைப்பெட்டி இருந்த பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"ஏட்டி, இது எடத்துப் பேருதான?"

"ஆமாம்மா."

"எடத்துப் பேருன்னா வாய்விட்டுச் சொல்லலாம்லா?"

"சொல்லலாம்மா."

அம்மா சொன்னாள். முதலில் தயங்கி, உதடு மட்டும் அசைகிற மாதிரி. பிறகு எழுந்து வாசலுக்குப் போய், சாப்பிட வரச் சொல்லிக் கூப்பிடுகிற அதே குரலில் இன்னொரு தடவை சொன்னாள்.